பத்து கிராம் வெள்ளியும் ‘த’ என்ற மாறியும்: நிரலாக்கியில் பெயர்களைப் பிணைக்க எந்த வழி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் விட்டுவிட்டு வெள்ளிக் கொலுசைப் பற்றிப் பேச முடியாது. பட்டறைக்காரர் தொழிலாளியிடம் சுத்த வெள்ளியை எடைபோட்டுக் கொடுப்பார். தொழிலாளி அதைக் கொலுசாக்கித் திருப்பித் தருவார். கொலுசின் எடையை அதன் டச்சால் (நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற அளவால்) பெருக்கி 100ஆல் வகுத்தால் உள்ளே இருக்கும் சுத்த வெள்ளி தெரிந்துவிடும். இதுவரை எல்லாப் பட்டறைக்கும் கணக்கு ஒன்றுதான். திருகாணிக்கு எவ்வளவு கழிப்பது, பொடி வைத்துப் பற்றவைப்பதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டால்தான் பட்டறைக்கு ஒரு வழக்கம் வெளியே வரும்.

அதனால் நானும் என் கூட்டாளியும் எழுதிய கணக்கு மென்பொருளில், சூத்திரத்தைப் பட்டறைக்காரரே தமிழில் எழுதிக்கொள்ளும்படி விட்டிருந்தோம். அவர் எழுதியதை எங்கள் நிரலாக்கி மூன்று மொழிகளில் நிரலாக மாற்றித் தரும். சர்வருக்குப் பைத்தான், கைபேசித் திரைக்கு ஜாவாஸ்கிரிப்ட், தராசோடு இணைந்த சிறு கருவிக்கு சி. இரண்டு ஆண்டுகள் பெரிய குறையில்லாமல் ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை மாலை, கூலி வாங்க வந்த மூத்த தொழிலாளி ஒருவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். “தம்பி, நான் தராத வெள்ளி என் கணக்கில் வரவாகியிருக்கிறது. இன்றைக்கு லாபமாகத் தெரியும். நாளைக்குக் கணக்கைத் திருத்தும்போது அது என் தலையில் கடனாக விழும்” என்றார். அவர் விரல்விட்டுக் கணக்குப் போடுகிறவர். அவர் சொன்ன விடை சரி, எங்கள் சீட்டு தவறு. வித்தியாசம் 10.4 கிராம்.

அந்த 10.4 கிராம் எங்கிருந்து வந்தது என்று தேடியதில் தொடங்கியதுதான் இந்த ஒப்பீடு. நிரல் எழுதும் நிரலை நீங்களும் எழுதுகிறீர்கள் என்றால், பெயர்களை உள்ளே எப்படி வைத்துக்கொள்வது என்ற முடிவை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். நாங்கள் மூன்றாவது ஆண்டில் எடுத்தோம்.

பிழை எப்படி நடந்தது

அந்தப் பட்டறையில் சேதமாக நூற்றுக்கு 2 கழிப்பது வழக்கம். அதற்காக நாங்கள் ஒரு சுருக்கம், அதாவது அடிக்கடி வரும் கணக்குக்கு ஒரு குறும்பெயர், வைத்திருந்தோம்:

சேதம்கழி(அ):
த = அ × 2 ÷ 100 என வைத்துக்கொள்
விடை: அ − த

‘த’ என்பது அந்தச் சுருக்கத்துக்குள் மட்டும் உயிர்வாழும் தற்காலிக மாறி. பட்டறைக்காரரோ தம்முடைய சூத்திரத்தில் திருகாணியின் எடைக்கு ‘த’ என்று பெயர் வைத்திருந்தார். அவர் எழுதியது: சேதம்கழி(எடை − த).

எங்கள் நிரலாக்கி ‘அ’ இருந்த இடத்தில் ‘எடை − த’ என்பதை அப்படியே எழுத்தாகப் பதித்தது. விளைவு:

த = (எடை − த) × 2 ÷ 100
விடை: (எடை − த) − த

முதல் வரியின் வலப்பக்கத்தில் ‘த’ இன்னும் திருகாணிதான். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் ‘த’ சேதமாக மாறிவிட்டது. எடை 500 கிராம், திருகாணி 20 கிராம் என்று வையுங்கள். சரியான விடை: 480இல் நூற்றுக்கு 2 என்றால் 9.6, கழித்தால் 470.4. எங்கள் சீட்டு காட்டியது: 500 − 9.6 − 9.6, அதாவது 480.8. நம்பக்கூடிய எண். அதுதான் கொடுமை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இதில் நான் இன்றும் மறக்காத ஒன்று, ஒரே தவறு மூன்று மொழிகளிலும் மூன்று விதமாக வெளிப்பட்டதுதான். பைத்தானில் உள்வட்டத்துக்கென்று தனி எல்லை (ஒரு பெயர் செல்லுபடியாகும் பரப்பு) கிடையாது. பழைய ‘த’வை அழித்து எழுதி 480.8 என்று அமைதியாகத் தந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் உள் அடைப்புக்குள் ‘லெட்’ கொண்டு அறிவித்திருந்தோம். மதிப்பு பெறுவதற்கு முன்பே மாறியைத் தொடுகிறாய் என்று கைபேசித் திரை பிழை காட்டி நின்றது. அதைத் திரைக் கோளாறு என்று நினைத்து நாங்கள் தள்ளிவைத்திருந்தோம். சி மொழியில் ஒரு மாறியின் எல்லை அதன் பெயரை அறிவித்த கணத்திலேயே தொடங்கிவிடும். வலப்பக்கத்து ‘த’ இன்னும் மதிப்பே ஏறாத அதே உள் ‘த’வைக் குறித்தது, கருவி குப்பை எண்ணைக் காட்டியது. அதையும் தராசின் மேல் பழிபோட்டோம். மூன்று இடத்திலும் நோய் ஒன்றே என்று அந்தப் பெரியவர் சீட்டைத் திருப்பித் தந்த பிறகுதான் தெரிந்தது.

கணினியியலில் இதற்கு மாறி கைப்பற்றப்படுதல் என்று பெயர். வெளியே ஒரு பொருளைச் சுட்டிய பெயர், உள்ளே கொண்டுபோனதும் அங்குள்ள அதே பெயர்க்காரனிடம் சிக்கிவிடுகிறது. நம் வீடுகளில் இது புதிதல்ல. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. ஆனால் மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள் அந்தக் குழந்தைக்கு வேறொரு செல்லப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுவாள். ஒரே வீட்டில் ஒரே பெயர் இருவருக்கு இருந்தும் குழப்பம் வராததற்கு அவள் செய்யும் அந்தப் பெயர்மாற்றம்தான் காரணம். அதே வேலையை நிரலாக்கி செய்தாக வேண்டும். எங்களுடையது செய்யவில்லை.

எங்களுக்கு என்ன தேவை

ஒப்பிடுவதற்கு முன் உரைகல்லைச் சொல்லிவிடுகிறேன். தவறினால் சத்தமாகத் தவற வேண்டும். அமைதியாகத் தவறான எண்ணைத் தரக் கூடாது. சூத்திரத்தைத் தரவுத்தளத்தில் சேமித்துத் திரும்ப எடுக்க முடிய வேண்டும். இரண்டு பட்டறைகள் வெவ்வேறு பெயர்களில் எழுதிய ஒரே சூத்திரம் ஒன்றுதான் என்று கண்டுபிடிக்க முடிய வேண்டும். பட்டறைக்காரர் கேட்டால் காகிதத்தில் அச்சிட்டுக் காட்டும் நிரல் அவருக்கு விளங்க வேண்டும். கடைசியாக, கல்லூரி முடித்து எங்களிடம் புதிதாகச் சேரும் ஒருவர் ஒரு வாரத்தில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் மொத்தம் மூன்று பேர்.

இந்த ஐந்தில் முதலாவதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விட எடை அதிகம். ஒருவருடைய கூலி அதில் தொங்குகிறது.

பெயரைப் பெயராகவே வைத்து, புதுப்பெயர் சூட்டுவது

பெரும்பாலோர் முதலில் போகும் வழி இதுதான். சூத்திரத்தை நிரலாக்கி உள்ளே கிளை பிரியும் மரமாக வைத்துக்கொள்ளும்; அதன் கணுக்களில் மாறியின் பெயர் எழுத்துச் சரமாகவே இருக்கும். உள்ளே எதையாவது பதிக்கும்போது மோதல் வருமா என்று பார்த்து, வந்தால் உள் மாறிக்குப் புதுப்பெயர் வைக்க வேண்டும். லிஸ்ப் மொழிக்காரர்கள் ஜென்சிம் என்ற பெயரில் இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

படிக்க எளிது, பிழை தேடவும் எளிது, மரத்தை அச்சிட்டால் எழுதிய பெயரே தெரியும். இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் கவனம் ஒரு கணம் தவறினாலும் போச்சு. பதிலீடு நடக்கும் ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு முறையும், எல்லையில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று சோதிக்க வேண்டும். ஹாஸ்கல் மொழியின் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிஎச்சி கம்பைலர் இந்த வழியில்தான் போகிறது. ஒவ்வோர் அடியிலும் ‘இப்போது எல்லைக்குள் இருக்கும் மாறிகள்’ என்ற தொகுப்பைக் கையோடு சுமந்து செல்கிறது. சைமன் பெய்டன் ஜோன்ஸும் சைமன் மார்லோவும் 2002இல் அதை விளக்கி எழுதினார்கள். அவ்வளவு பெரிய கம்பைலருக்கு அது ஒத்துவருகிறது. அந்தச் சுமையைத் தவறாமல் சுமக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

பலரும் செய்யும் குறுக்குவழி ஒன்று உண்டு. நிரலாக்கி உருவாக்கும் பெயர்களுக்கெல்லாம் முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டுவிடுவது. நாங்களும் முதலில் அதைத்தான் யோசித்தோம். சி மொழியில் இரட்டை அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் கம்பைலருக்காக ஒதுக்கப்பட்டவை. பைத்தானில் வகுப்புக்குள் அப்படி எழுதினால் மொழியே அந்தப் பெயரை மாற்றிவிடும். இவை இரண்டையும் சமாளித்தாலும், சேதம்கழி(சேதம்கழி(எடை)) என்று சுருக்கத்துக்குள் அதே சுருக்கம் வந்தால் அது தன்னோடு தானே மோதிக்கொள்ளும். ஆகவே எண்ணும் சேர்க்க வேண்டும். எண் சேர்த்தால் சூத்திரத்தில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும் கீழே உள்ள பெயர்கள் எல்லாம் மாறிவிடும். நேற்றைய நிரலுக்கும் இன்றைய நிரலுக்கும் என்ன வேறுபாடு என்று பார்க்கவே முடியாது. தனித்தனியாக உருவாக்கிய இரண்டு கோப்புகள் இரண்டுமே 1இல் எண்ணத் தொடங்கியிருந்தால், சேர்க்கும்போது மறுபடியும் மோதல்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் இருக்கிறது. பெயர் எழுத்துச் சரம் என்றால் எது ஒரே சரம்? ‘கொலுசு’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. பைத்தான் அடையாளப் பெயர்களை இயல்வடிவத்துக்கு (யூனிகோடு நிர்ணயித்த ஒரே எழுதுமுறைக்கு) மாற்றிவிடுவதால் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படி மாற்றாது. அதற்கு அவை இரண்டு வேறு மாறிகள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இன்னும் மோசம்: ‘வெள்ளி’ என்பது ஔகாரக் குறியோடு ‘வௌ்ளி’ என்று வந்து உட்கார்ந்திருக்கும். யூனிகோடு இயல்வடிவமாக்கல் இதைத் தீர்க்காது, ஏனென்றால் விதிப்படி அவை வேறு வேறு எழுத்துகள். சேலத்துக் கணக்கில் அதிகம் வரும் இரண்டு சொற்களிலேயே இந்தத் தொல்லை. பெயரைச் சுட்டும் சாதனமாக நம்புவதை அன்றோடு விட்டுவிட வேண்டும் என்று எனக்கு உறுதியானது.

பெயரையே எடுத்துவிடுவது: டி பிராய்ன் எண்கள்

நெதர்லாந்தின் கணித அறிஞர் டி பிராய்ன், கணித நிரூபணங்களைக் கணினியால் சரிபார்க்க 1967இல் தொடங்கிய ஆட்டோமேத் என்ற திட்டத்துக்காக, 1972இல் ஒரு குறிமுறையை வெளியிட்டார். மாறிக்குப் பெயரே வேண்டாம். அந்த மாறியைப் பிணைத்த இடம், அதாவது அதை அறிமுகப்படுத்திய இடம், இங்கிருந்து எத்தனை படி வெளியே இருக்கிறது என்று எண்ணிச் சொன்னால் போதும். மிக அருகில் உள்ள பிணைப்பு 0, அதற்கு வெளியே 1, அதற்கும் வெளியே 2.

ஏற்காடு மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருக்கிறது. 12ஆவது வளைவில் நிற்கும் ஒருவர், “குடையை மூன்று வளைவுக்குக் கீழே விட்டுவிட்டேன்” என்று சொல்லலாம், “9ஆவது வளைவில் விட்டுவிட்டேன்” என்றும் சொல்லலாம். முதலாவது டி பிராய்ன் சுட்டெண். இரண்டாவதும் அதே குடும்பம்தான், மட்டஎண் என்று சொல்லலாம். வெளியிலிருந்து உள்நோக்கி எண்ணுவது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பாதையிலேயே தெரிகிறது. இன்னொரு வளைவு மேலே ஏறிவிட்டால் அதே குடை ‘நான்கு வளைவுக்குக் கீழே’ ஆகிவிடும். பலகை எண்ணோ 9ஆகவே இருக்கும். ஆனால் அடிவாரத்தில் புதிதாக ஒரு வளைவைச் சேர்த்தால், மேலே உள்ள எல்லாப் பலகைகளையும் திரும்ப எழுத வேண்டும்; ‘மூன்றுக்குக் கீழே’ என்று சொன்னவருக்கோ எந்த மாற்றமும் இல்லை. ஒரு சூத்திரத்தைப் பிணைப்புகளுக்கு உள்ளே அடிக்கடி கொண்டுபோகிறீர்களா, அல்லது முழுச் சூத்திரத்தையும் தூக்கி வேறொரு சுற்றுக்குள் வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து எது எளிது என்று மாறும்.

இந்த முறையின் பெரும் பலன், பெயர் வேறான ஒரே சூத்திரங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுவது. ஒருவர் ‘த’ என்று வைத்தாலும் இன்னொருவர் ‘திருகு’ என்று வைத்தாலும் மரம் ஒன்றே. ஒப்பிடுவது, சேமித்து வைத்ததையே மறுபடி பயன்படுத்துவது எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. ராக் என்று இப்போது பெயர் மாறியிருக்கும் காக் என்ற நிரூபணக் கருவியின் உட்கரு இந்த எண்களால்தான் இயங்குகிறது.

விலை எங்கே? எண்களை நகர்த்துவதில். நம் உதாரணத்தில், பட்டறைக்காரர் எழுதிய இடத்தில் த = 0, எடை = 1; ஆகவே ‘எடை − த’ என்பது 1 − 0. இதைச் சேதத்தின் பிணைப்புக்கு உள்ளே கொண்டுபோனதும் சேதம் 0 ஆகிறது; ஆகவே 2 − 1 என்று ஒவ்வொன்றையும் கூட்ட வேண்டும். கூட்ட மறந்தால் உள்ளே 1 − 0 என்பது ‘திருகாணி − சேதம்’ என்று பொருள்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20 − 9.6 = 10.4, அதிலிருந்து சேதத்தைக் கழித்தால் 0.8.

அரைக் கிலோ கொலுசுக்கு 0.8 கிராம் விடை. இதை எந்தத் தொழிலாளியும் பார்த்த உடனே சீட்டை முகத்தில் எறிவார். பெயர் முறையில் தவறு 480.8 என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தது. எண் முறையில் அதே கவனக்குறைவு கிழிந்த சட்டையோடு வருகிறது. எப்போதும் இப்படித்தான் என்று உத்தரவாதம் தர முடியாது. பக்கத்துப் பக்கத்து மாறிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு எடைகளாக இருந்தால் எண் முறையின் தவறும் மறைந்துகொள்ளும். ஆனாலும் நாங்கள் வேண்டுமென்றே பிழை புகுத்திப் பார்த்ததில் பெரும்பாலும் விடை கண்ணை உறுத்தியது. என் உரைகல்லின் முதல் கோட்டில் இது நன்றாகவே தேறுகிறது.

ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பிழை தேடும்போது 2 − 1 − 0 என்று மட்டும் எழுதியிருக்கும் மரத்தைப் படித்துப் பாருங்கள். எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு நாள் முயன்று, காகிதத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். ஐந்தாவது தேவையில் இது தோற்கிறது.

எழுதும் மொழியின் மேல் பாரத்தைப் போடுவது

நிரலாக்கியை எழுதும் மொழியிலேயே மாறிகளும் எல்லைகளும் சரியாக இருக்கும்போது, அவற்றையே பயன்படுத்தினால் என்ன? ‘பிணை’ என்று ஒரு செயற்கூறு (மதிப்பை வாங்கி விடை தரும் நிரல் துண்டு). அதற்குள் இன்னொரு செயற்கூற்றைக் கொடுக்கிறோம். உள் மாறி என்பது அந்தச் செயற்கூற்றின் அளவுரு, அதாவது அது வாங்கும் மதிப்புக்கு உள்ளே உள்ள பெயர். பெயர்மோதல் நடக்கவே முடியாது, ஏனென்றால் நிரலாக்கியை எழுதும் மொழியே அதைப் பார்த்துக்கொள்கிறது. ஃபிராங்க் ஃபென்னிங்கும் கோனல் எலியட்டும் 1988இல் இதை முறையாக முன்வைத்தார்கள்.

எழுதும்போது இதைப்போல் இனிமையான வழி வேறில்லை. சேதம்கழி என்ற சுருக்கத்தை நாலு வரியில், இயல்பாக, பிழையே செய்ய முடியாதபடி எழுதிவிடலாம். ஆனால் செயற்கூறு மூடிய பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எதையாவது கொடுத்து இயக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு செயற்கூறுகள் ஒன்றா என்று ஒப்பிட முடியாது. தரவுத்தளத்தில் செயற்கூற்றைச் சேமிக்கவும் முடியாது. எங்களுக்கு அந்த ஒரு காரணமே போதும், சேமிப்பு வடிவமாக இது ஆகாது. எழுதும் முகமாக மட்டும் வைத்துக்கொண்டு, உடனே வேறொரு வடிவத்துக்கு மாற்றலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

தூய மேக்ரோக்களும் (பெயர் மோதாதபடி மொழியே விரித்தெழுதும் சுருக்கங்கள்) இதே குடும்பத்துச் சிந்தனைதான். கோல்பெக்கரும் ஃபிரீட்மன், ஃபெல்லைசன், டூபா ஆகியோரும் 1986இல் காட்டிய வழி ஸ்கீம் மொழியில் நிலைபெற்றது. ரஸ்ட் மொழியின் மேக்ரோக்களும் உள்மாறிகளின் பெயர்களை இப்படிக் காக்கின்றன. உங்கள் நிரலாக்கி ஸ்கீமிலிருந்து ஸ்கீமுக்கோ, ரஸ்ட்டிலிருந்து ரஸ்ட்டுக்கோ நிரல் தந்தால் வேறெதையும் தேட வேண்டாம், இதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வேறு மூன்று மொழிகளுக்கு எழுத்தாக அனுப்புகிறோம். அந்தக் காவல் எங்கள் வாசலோடு நின்றுவிடும்.

நடுவில் ஒரு வார்த்தை: சுருக்கத்தைப் பதிக்காமல், வெளியாகும் நிரலில் அதை ஒரு செயற்கூறாக எழுதிக் கூப்பிட்டுவிடலாமே என்று கேட்கலாம். முடிந்தால் அதையே செய்யுங்கள். எங்கள் பிழையின் பாதி அப்படியே மறைந்திருக்கும். சிறு கருவியின் வேகத்துக்காகப் பதித்தே ஆக வேண்டிய இடங்கள் எங்களுக்கு இருந்தன. வேகத்துக்காகப் பதிக்கத் தொடங்கிய அன்றே இந்தக் கேள்வி எல்லோருக்கும் திரும்ப வரும்.

வீட்டுக்குள் உறவுமுறை, வெளியே பெயர்

நாங்கள் தேர்ந்தெடுத்தது இது. பிணைக்கப்பட்ட மாறிகளுக்கு டி பிராய்ன் எண். கட்டற்ற மாறிகளுக்கு, அதாவது வெளியிலிருந்து வரும் மாறிகளுக்கு, தனி அடையாளம். கானர் மெக்பிரைடும் ஜேம்ஸ் மெக்கின்னாவும் 2004இல் இந்தப் பாணியை அழகாக விளக்கினார்கள். லீன் என்ற நிரூபண மொழியும் சூத்திரங்களை இப்படித்தான் வைத்திருக்கிறது.

நம் பழக்கம்தான் இது. வீட்டுக்குள் பெரியவர்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணன், சித்தப்பா, அத்தை என்று நம்மிடமிருந்து எத்தனை படி தள்ளியிருக்கிறார் என்பதை வைத்துச் சொல்கிறோம். அதே ஆளை வெளியாரிடம் சொல்லும்போது பெயரும் ஊரும் சொல்கிறோம். இரண்டு வகைச் சொல்லும் ஒன்றோடொன்று மோதவே மோதாது.

இதில் வேலை இரண்டே செயல்களில் அடங்கிவிடுகிறது. ஒரு பிணைப்புக்குள் நுழையும்போது, அந்த 0 என்ற எண் இருக்கும் இடங்களில் எல்லாம் புதிய தனி அடையாளம் ஒன்றை வைக்கிறோம்; இது திறத்தல். வெளியே வரும்போது அந்த அடையாளத்தை மறுபடி எண்ணாக்குகிறோம், இது மூடல். பட்டறைக்காரரின் ‘எடை − த’ நம் கைக்கு வரும்போது திறந்த நிலையில், இரண்டு தனி அடையாளங்களாக இருக்கிறது. அதில் எண்ணே இல்லை. அதைச் சேதத்தின் பிணைப்புக்குள் எத்தனை ஆழத்துக்குக் கொண்டுபோனாலும் நகர்த்த எதுவும் இல்லை, கைப்பற்றப்படவும் வழியில்லை. டி பிராய்ன் முறையில் எங்களைத் தின்ற அந்தக் கூட்டல் வேலை முழுவதும் இந்த இரண்டு செயல்களுக்குள் ஒளிந்துவிட்டது. அவற்றை ஒருமுறை கவனமாக எழுதி, நூறு முறை சோதித்துவிட்டால் மற்ற இடங்களில் நிம்மதி.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு பிணைப்பிலும் திறப்பதும் மூடுவதும் மரத்தை முழுவதும் நடந்து வருவதால், ஆழமான மரங்களில் வேகம் குறையும். எங்கள் சூத்திரங்கள் இருபது முப்பது வரிக்கு மேல் போவதில்லை. எங்களுக்கு அது பொருட்டல்ல. லட்சக்கணக்கான கணுக்களோடு வேலை செய்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். அவர்கள் ஒவ்வொரு பிணைப்புக்கும் மாறாத தனி எண் கொடுத்து, எல்லைத் தொகுப்பைச் சுமக்கும் வழிக்கே போக வேண்டும். மூட மறந்தால் ஓர் அடையாளம் வெளியே தொங்கிக்கொண்டு நிற்கும் என்பது இன்னொரு குறை. ஆனால் அச்சிடும் கட்டத்தில் ‘யாருக்கும் சொந்தமில்லாத மாறி’ என்று அது சத்தமாகக் கத்தும். அமைதியாகத் தவறுவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சுருக்கங்களை எழுதும் இடத்தில் மட்டும், முன்பு சொன்ன ‘பிணை’ என்ற செயற்கூற்று முகத்தை வைத்துக்கொண்டோம். எழுதுகிறவர் இயல்பாக எழுதுவார். உள்ளே அது புதிய அடையாளம் ஒன்றைக் கொடுத்து இயக்கி, உடனே மூடிவிடும். இந்த வழிக்கு மாறிய பிறகு, புதிதாகச் சேர்ந்தவருக்கு எண்களையே நாங்கள் காட்டவில்லை. நான்காவது நாளில் அவராகவே ஒரு சுருக்கத்தை எழுதினார்.

பெயர் எப்போது திரும்ப வர வேண்டும்

பட்டறைக்காரர் எழுதிய பெயரை நாங்கள் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு பிணைப்பிலும் அதைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறோம். கணக்கில் அதற்குப் பங்கில்லை. ஒப்பிடும்போதும் அதைப் பார்ப்பதில்லை. நிரலை எழுத்தாக்கும் கடைசிக் கட்டத்தில் மட்டும் அது கையில் எடுக்கப்படுகிறது.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மொழி தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தரத்துக்கு ஆங்கில எழுத்தில் ‘கிளாஸ்’ என்று பெயர் வைத்தால் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அது ஒதுக்கிய சொல். சி மொழியில் இல்லை. பைத்தானில் உள் எல்லை இல்லாததால் ஒரே செயற்கூற்றுக்குள் எல்லாப் பெயர்களும் வேறு வேறாக இருக்க வேண்டும். மற்ற இரண்டிலும் மறைத்தல், அதாவது உள்ளே அதே பெயரை மறுபடி வைப்பது, அனுமதிக்கப்பட்டாலும், படிக்கிறவர் குழம்பக் கூடாது என்று அங்கும் நாங்கள் அனுமதிக்கவில்லை. மோதல் வந்தால் பெயரின் பின்னால் 2, 3 என்று சேர்க்கிறோம். எண்ணிக்கை ஒவ்வொரு சூத்திரத்துக்கும் புதிதாகத் தொடங்குவதால் அதே சூத்திரம் எப்போதும் அதே நிரலையே தருகிறது. சி மொழிக்குத் தமிழ் எழுத்துப் பெயர்களை ஏற்பது கம்பைலரைப் பொறுத்தது என்பதால் அங்கே எண்ணிட்ட பெயர்களும், பக்கத்தில் குறிப்பாகத் தமிழ்ப் பெயரும் போகின்றன. கொலுசின் ஒகரச் சிக்கல் உள்ளே நுழையும் வாசலிலேயே இயல்வடிவமாக்கலோடு முடிந்துவிடுகிறது. ‘வௌ்ளி’க்கு மட்டும் தனியே ஒரு சோதனை வைத்து, எழுதுகிறவரையே கேட்டுத் திருத்துகிறோம்.

அந்தப் பெரியவருக்குக் காட்டிய திருத்திய சீட்டின் நிரலில் ‘த’ என்று திருகாணியும் ‘த2’ என்று சேதமும் இருந்தன. விடை 470.4.

இப்போதே எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லாதவர்களுக்கு ஒரு வேலை மட்டும் சொல்கிறேன்; அரை நாள் போதும். உங்களிடம் உள்ள சூத்திரங்கள் ஒவ்வொன்றிலும் மாறிகளின் பெயர்களை, உங்கள் சுருக்கங்களுக்குள் பயன்படும் அதே பெயர்களாக வேண்டுமென்றே மாற்றுங்கள். ஒரு பிரதியில் எல்லாம் ‘த’, இன்னொன்றில் எல்லாம் ‘அ’, எங்கெங்கே மாற்றினால் பொருள் மாறாதோ அங்கெல்லாம். பிறகு பழைய பிரதியையும் புதிய பிரதியையும் எல்லா இலக்கு மொழிகளிலும் ஓட்டி, விடை ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். எங்கள் பழைய நிரலாக்கியின் மேல் இதை ஓட்டியபோது, சேதம்கழி தவிர இன்னும் இரண்டு சுருக்கங்களில் அதே பிழை உட்கார்ந்திருந்தது. அவற்றில் ஒன்று கூலிக் கணக்கு. அதைப் பயன்படுத்திய பட்டறைகளுக்கு நாங்களே நேரில் போய்ப் பழைய சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.